கனி பாயின் வலக்கையும் கண்ணாடி போன்ற குளிகையும்

ஆம்பூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நீங்கி, மருந்துப் பெட்டிகளின் மேல் அச்சிட்ட எழுத்துகளையே பாடநூலாகக் கொண்டு ஆங்கிலமும் ஓரளவு மருத்துவமும் தானே கற்றுத் தேறிய, கோவிந்தசாமி மகன் முனிரத்தினம் என்னும் பெயருடைய நான், எழுபத்து நான்கு வயது நிறைந்தவனாய், தெளிந்த நினைவோடு இவற்றை எழுதுகிறேன். மருந்துக் கடை என்பது விசித்திரமான தொழில்: அங்கே எவரும் விரும்பி வருவதில்லை, குணமடைந்தவர் எவரும் அதைச் சொல்வதற்காகத் திரும்பி வருவதுமில்லை.

கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்று நின்று கால் நரம்பு புடைத்த என் தொழில் நண்பர்களே! எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஆம்பூர் கடைத்தெருவில் நான் எடுத்துக் கொடுத்த மருந்துகள் எத்தனையோ. அவற்றுள் என் மனத்தை விட்டு இன்றும் அகலாதது பிரஷர் மருந்து. காய்ச்சல்காரனுக்குத் தனக்குக் காய்ச்சல் என்று தெரியும். பிரஷர்காரனுக்கோ தனக்கு ஒன்றுமே இல்லை என்றுதான் தெரியும். ஒன்றுமில்லை என்று நம்புகிறவனை நாள்தோறும் மருந்து விழுங்கச் செய்வது எத்தகைய பாடு என்பதை நீங்கள் அறிவீர்கள். அறியாதவர்களுக்காகவே கீழே வருவன.

மனத்தையும் சேர்த்து இறக்கிய மாத்திரை

எழுபதுகளில் எங்களிடம் அதிகம் விற்றது சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த சின்னஞ்சிறு வெள்ளை மாத்திரை. விலையும் மலிவு, பிரஷரையும் இறக்கும். ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்வே கார்டு தேவராஜ் வந்து வாங்கிப் போவார். அவர் கடைப்படி ஏறினாலே கடை கலகலக்கும். எங்கள் முதலாளி ஜெயராம் நாயுடுவைப் பார்த்து, "இன்னா நாயுடு, சிக்னல் வுழுந்துதா?" என்று கேட்காமல் அவர் ஒருநாளும் மருந்து வாங்கியதில்லை. நாயுடுவும், "உன் வண்டிக்கு எப்பவுமே லேட்டுதான்யா" என்று பதில் கொடுப்பார்.

ஆறேழு மாதத்தில் அவருடைய பேச்சு குறைந்தது. பிறகு சிரிப்பு நின்றது. ஒருநாள் கடைக்கு எதிரே வெயிலில் நெடுநேரம் நின்றுவிட்டு, எதற்கு வந்தோம் என்பதே நினைவின்றித் திரும்பிப் போனார். வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுகிறார் என்று அவர் மனைவி வந்து சொன்னாள். சிலருக்கு அந்த மாத்திரையே மனச்சோர்வைக் கொடுக்கும் என்பதை டாக்டர் கண்டுபிடித்து நிறுத்துவதற்குள் அவர் பாதி ஆளாகிவிட்டார். மாத்திரையை மாற்றி எழுதிய சீட்டை என்னிடம் நீட்டியபோது தேவராஜ் சொன்னது: "பிரஷரு எறங்கிடுச்சு முனிரத்னம். கூடவே நானும் எறங்கிட்டேன். வண்டி மட்டும் போய்க்கினே இருக்குது."

புதிதாக வந்த குளிகை

எண்பதுகளின் தொடக்கத்தில் வேலூர் மொத்த வியாபாரியிடமிருந்து புதிய பெட்டி ஒன்று வந்தது. உள்ளே செந்நிறத்தில், மழைத்துளி உறைந்ததுபோல் பளபளக்கும் குளிகைகள். அசைத்தால் உள்ளே மஞ்சள் திரவம் ஆடும். கம்பெனிப் பிரதிநிதி என் அறிவுத் தாகத்தைக் கண்டு விளக்கினார்: இரத்தக் குழாயின் சுவரில் தசை இருக்கிறது, கால்சியம் என்னும் சுண்ணச்சத்து அதனுள் ஒரு வாயில் வழியாகப் புகுந்து அதை இறுக்குகிறது, இந்த மருந்து அந்த வாயிலைச் சாத்திவிடும், குழாய் தளரும், அழுத்தம் இறங்கும். நான் அதை மனப்பாடம் செய்து வருவோர்க்கெல்லாம் எடுத்துரைத்தேன். நாயுடு, "கதவ சாத்தறது இருக்கட்டும் முனிரத்னம், போய் மொதல்ல ஷட்டரத் தொற" என்பார்.

அந்தக் குளிகைக்கு முதலில் வந்த சீட்டு அப்துல் கனி என்னும் கனி பாயினுடையது. பாலாற்றுப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், அவர் செலக்‌ஷன் செய்பவர். பதனிட்டு வந்த தோலை வடக்கு ஜன்னல் ஓரத்து மேசையில் விரிப்பார்கள். வெயில் நேரே விழாமல் நாள் முழுதும் ஒரே சீரான வெளிச்சம் அங்குதான் கிடைக்கும். கனி பாய் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு வலது உள்ளங்கையைத் தோலின்மேல் மெல்ல ஓட்டுவார். முள் கிழித்த தழும்பு, உண்ணி கடித்த வடு, கத்தி பட்ட கீறல் எல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். "ஃபர்ஸ்ட்டு" என்பார், "செகண்டு" என்பார், "தள்ளு" என்பார். பக்கத்தில் நிற்கும் பழனி சுண்ணாம்புக்கட்டியால் குறி போடுவான். கனி பாய் சொன்னால் சொன்னதுதான். கப்பல் ஏறிப் போகிற தோலுக்கும் அதுவே முத்திரை.

அவருக்கு ஒரே மகள், பரீதா. மேல்விஷாரத்தில் மாப்பிள்ளை பேசி, அடுத்த ரம்ஜான் கழிந்து நிக்காஹ் என்று முடிவாகியிருந்தது. பெண்ணின் தகப்பனார் தம் வலக்கையால் மாப்பிள்ளையின் வலக்கையைப் பற்றிக்கொண்டு பெண்ணை ஒப்புக்கொடுப்பது அவர்கள் குடும்ப வழக்கம். கனி பாயின் அண்ணன் பிரஷரால் விழுந்து வலப்பக்கம் இழந்தவர். அவர் மகளின் நிக்காஹில் வேறொருவர்தான் கை கொடுத்தார். அதைப் பார்த்த நாள் முதல் கனி பாய்க்குத் தூக்கம் இல்லை. முதல் அட்டையை வாங்கிய அன்று, வலக்கையை எங்கள் கண்ணாடி மேசைமேல் விரித்து வைத்துச் சொன்னார்: "உசுரு போறதப் பத்தி எனக்குப் பயம் இல்ல தம்பி, அல்லா குடுத்தது, அவன் எடுத்துப்பான். இந்தக் கை மட்டும் நிக்காஹ் வரைக்கும் நிக்குமா, சொல்லு."

குடியாத்தத்து முதலாளியின் முகம்

அந்தக் குளிகை சிலருக்கு விழுங்கிய சிறிது நேரத்தில் முகத்தைச் சிவக்க வைக்கும். காது சூடாகும், தலை விண்ணென்று தெறிக்கும். குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருந்த முதலாளி ஒருவர், மனைவியின் அண்ணன் வீட்டு விருந்துக்கு முன்னால் குளிகையை விழுங்கிவிட்டுப் பந்தியில் அமர்ந்திருக்கிறார். பாதிச் சாப்பாட்டில் முகம் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. பந்தியே திரும்பிப் பார்த்தது. அடுத்த வாரம் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் பொரிந்து தள்ளினார்: "பொறந்ததுலேர்ந்து ஒரு சொட்டு தொடாதவன்யா நானு! இப்ப தெனிக்கும் பொண்டாட்டிகிட்ட வாய ஊதிக் காட்டிட்டுத்தான் சோறு துன்றேன்."

உப்பின்மேல் நின்றவள்

தோல் மண்டியில் பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பிட்டு அடுக்கி வைப்பார்கள். பதனிட எடுக்கும்போது அந்த உப்பை உதறுகிற வேலை பெண்களுக்கு. அப்படி உதறிவந்த கன்னியம்மாளுக்கும் இதே குளிகையை எழுதியிருந்தார்கள். குளிகையால் கணுக்கால் வீங்குவது சிலருக்கு உண்டு, அவளுக்கு வீங்கியது. உப்புத் தண்ணீரில் நின்று வீங்கியதென்று அவள் எண்ணினாள். மேஸ்திரியோ, வீங்கின காலோடு வேலைக்கு வராதே என்று திருப்பி அனுப்பினான். காலைக் காப்பாற்ற மருந்தை நிறுத்தினாள். வேலை திரும்பக் கிடைத்தது. அதன்பின் சில மாதங்களில், உதறிக்கொண்டிருந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டோம். எங்கள் கடைக்கு அவள் கடைசியாக வந்த அன்று, வாசற்படியில் உட்கார்ந்து பாதத்தைத் தடவிக்கொண்டே சிரித்தபடி சொன்னது என் காதில் இருக்கிறது: "உப்பக் கம்மி பண்ணுன்னு டாக்டரம்மா சொல்றாங்க அண்ணே. நான் நிக்கறதே உப்பு மேலதான். அத எங்க கம்மி பண்றது?"

தொண்டை சொன்ன தீர்ப்பு

கனி பாய் நாள் தவறாமல் வாங்கிவந்தார். இரண்டாம் மாதம் ஒருநாள், அட்டையிலிருந்து ஒரு குளிகையைப் பிதுக்கி எடுத்து, கடை வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உருட்டினார். முகர்ந்தார். "தம்பி, இந்த மேலுறை தோலு" என்றார். நான் வியந்து நின்றேன். அவருக்கு யாரும் சொல்லவில்லை, கைக்கே தெரிந்துவிட்டது. தோலின் உட்புறம் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் சுரண்டி எடுத்து, ஜவ்வு என்று ஷாப்பின் பின்புறக் குழியில் கொட்டுவார்கள். அது நாறி ஊறிக் கிடக்கும். வாரம் ஒருமுறை லாரி வந்து அள்ளிப் போகும். அதையும் கழிவுத் தோலையும் காய்ச்சினால் பசையாகும். சுத்தத்தில் மேலான வகையிலிருந்து இப்படிப்பட்ட மேலுறையும் ஆகும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிந்ததே. பட்டணத்தில் ஒருவனுக்கு இது வெறும் குளிகை. முப்பது வருடம் அந்தக் குழியின் நாற்றத்தைக் கடந்து வேலைக்குப் போனவருக்கு அப்படியில்லை.

"பாய், இது ரொம்ப சுத்தமா, மெஷின்ல பண்றது" என்று என்னால் ஆனமட்டும் சொன்னேன். "பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேட்டுப் பாருங்க" என்றும் சொன்னேன். மறுநாள் மாலை தொழுகை முடித்துத் தொப்பியோடு வந்தார். வழக்கம்போல் ஒரு அட்டை வாங்கினார். வாங்கியதால், மனம் தேறிவிட்டார் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். படி இறங்கும்போது அவர் திரும்பிச் சொன்னதை அன்றைக்கு வெறும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம்: "ஹஜ்ரத்து கூடும்னுட்டாரு தம்பி. தொண்டதான் கூடாதுங்குது."

கடையின்மேல் விழுந்த பழி

மருந்து போய்க்கொண்டிருந்தது, பிரஷர் போகவில்லை. எங்கள் கடைக்கு இரண்டு கட்டிடம் தள்ளி டாக்டரம்மாவின் கிளினிக். ஷாப் விட்டு மாலையில் கனி பாய் அங்கே வந்து கை நீட்டுவார். பாதரசம் முன்பு நின்ற இடத்திலேயே நிற்கும். டாக்டரம்மா அளவைக் கூட்டினார். மறுபடி கூட்டினார். கனி பாய் மருந்தை ஒரு வேளையும் தவறவிடவில்லை என்று சத்தியம் செய்தார். அவர் பொய் சொல்லாதவர். அப்படியானால் மருந்துதான் பொய் சொல்ல வேண்டும்.

அவருடைய மச்சான் யூசுப், பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். "டூப்ளிகேட் மாத்திர விக்கிறீங்களாடா? எங்க மச்சான் உசுரோட வெளையாடறீங்களா?" என்று தெருவே கேட்கக் கத்தினார். எங்களைப் போன்றோர் இதைவிடப் பெரிய பழிச்சொல்லைக் கேட்டதில்லை. நாயுடுவும் அதே மருந்தை உட்கொள்பவர். மதிய வேளைக்கு உரியதை அவர் இன்னும் விழுங்கியிருக்கவில்லை. கனி பாய்க்குக் கொடுத்துவந்த அதே பெட்டியை எடுத்தார். ஒரு குளிகையைப் பிதுக்கி எல்லோர் கண்ணெதிரிலும் வாயில் போட்டு, ஆறிப்போயிருந்த டீயால் விழுங்கினார். சற்று நேரத்தில் அவர் முகம் சிவந்து, நெற்றி வேர்த்தது. கூட்டம் கலைந்தது. யூசுப் மட்டும் நின்றார். குரல் இறங்கிவிட்டது. கேட்டார்: "சரி நாயுடு, உங்களுக்கு வேல செய்யுது. அப்ப எங்க மச்சானுக்கு மட்டும் ஏன் எறங்கல?"

அத்தர் சீசா

அந்தக் கேள்விக்கு விடை காணவேண்டி, டாக்டரம்மா ஒரு மாலை கனி பாயையும் அவர் மனைவி ஜைத்தூன் பீவியையும் உட்காரவைத்து, மருந்துப் பெட்டியோடு வரும்படி என்னையும் அழைத்தனுப்பினார். பெட்டியின் தேதியைப் பார்த்தார், சரியாக இருந்தது. வெளிச்சம் படாமல் வைக்கவும் என்று அதில் அச்சிட்டிருந்ததைக் காட்டி, "சொன்னீங்களா?" என்று என்னைக் கேட்டார். முதல் நாளே சொல்லியிருந்தேன். "அட்டைய பெட்டிக்குள்ள, துணிக்கடியிலதான் வெச்சிருக்கோம்" என்று ஜைத்தூன் பீவியும் சொன்னார். அதன்பிறகுதான் டாக்டரம்மா, அத்தனை மாதமாக எங்களில் ஒருவரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்: "பாய், நீங்க மாத்திரைய எப்படிச் சாப்பிடறீங்க?"

கனி பாய் தலை குனிந்தார். ஜைத்தூன் பீவிதான் கணவரின் சட்டைப் பைக்குள் கைவிட்டு, ஒரு சின்ன அத்தர் சீசாவை எடுத்து மேசைமேல் வைத்தார். விரல் நீளக் கண்ணாடிச் சீசா. அடியில் மஞ்சளாய்க் கொஞ்சம் தேன். விடியல் தொழுகை முடிந்ததும், கழுவிய கையோடு, அவர் ஊசியால் ஒவ்வொரு குளிகையையும் குத்தி, நாள் முழுதுக்குமான திரவத்தைத் தேனில் பிழிந்துகொள்வாராம். மேலுறையை மண்ணில் புதைத்துவிடுவாராம். வேலைக்கு நடுவே பிழிய முடியாது; தோல் தொட்ட கை. ஆகவே சீசா கூடவே ஷாப்புக்குப் போகும். "அங்க எங்க வெப்பீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். வேளை மறக்காமலிருக்கக் கண்ணெதிரே, செலக்‌ஷன் மேசையில், வடக்கு ஜன்னல் ஓரத்தில் என்றார். டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பொறுமையாக விளக்கினார்: மேலுறைக்குள் இருக்கும்வரைதான் இதற்குக் காப்பு, வெளியே எடுத்து வெளிச்சத்தில் வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே மருந்து செத்துவிடும், மதியத்துக்கும் மாலைக்கும் நீங்கள் குடித்தது வெறும் தேன், காலையில் குடித்தது மட்டும் பிரஷரைக் குபீரென்று இறக்கி, குபீரென்று ஏறவிட்டிருக்கிறது, இனிமேல் இது வெளிச்சத்துக்கே வரக்கூடாது. கனி பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குழந்தைபோல் மலைத்துப்போனார். சீசாவைப் பார்த்தார், தம் கையைப் பார்த்தார். "வெளிச்சம் இல்லாம நான் எப்படித் தோலு பாக்கறது, டாக்டரம்மா?"

பத்திரிகை கொடுக்கப் போனவர்

குளிகையை முழுதாக விழுங்கும்படி சொன்னார்கள். எங்கள் முன்னாலேயே முயன்றார். வாயில் வைத்தார், தண்ணீரை அண்ணாந்து ஊற்றினார், குமட்டி வெளியே வந்தது. மறுமுறையும் வந்தது. கண்ணில் நீர் தளும்ப, "மன்னிச்சிக்குங்க" என்றார், ஏதோ எங்களுக்குத் தீங்கு செய்துவிட்டவர்போல. அதே மருந்து, மேலுறை இல்லாமல் அழுத்திச் செய்த மாத்திரையாகவும் வரத் தொடங்கியிருந்தது. ஆம்பூரில் இல்லை, வேலூரிலும் இல்லை. நாயுடு சென்னைக்கு டிரங்க் கால் போட்டுச் சொல்லிவைத்தார். ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் சமாளிக்க டாக்டரம்மா சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேலைக்குப் போகவேண்டாம் என்றும் சொன்னார்.

ஆனால் ரம்ஜான் நெருங்கிக்கொண்டிருந்தது. நோன்பு தொடங்குமுன் வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று உறவுமுறைக்கெல்லாம் நேரில் போய் அழைத்தாக வேண்டும். பஸ்ஸில் போகிறவர் நீர் மாத்திரையை எப்படி விழுங்குவார்? அதை வீட்டிலேயே விட்டுப் போனார். ஷாப்பிலும் ஒரு பெரிய லாட் தோல் கப்பலுக்குக் காத்திருந்தது; அவர் கை படாமல் அது நகராது என்று முதலாளி ஆள் மேல் ஆள் அனுப்பினார். எங்களுக்கும் பத்திரிகை கொண்டுவந்தார். உறையின்மேல் என் பெயரைத் தாமே அழகாக எழுதியிருந்தார். உடம்பு எப்படி என்று கேட்டேன். "சூப்பரா இருக்கு" என்றார். போகும்போது சொன்னது: "மாத்திர வந்தா எடுத்து வை தம்பி. நாளைக்கு ஒரு நாளு அந்த லாட்ட மட்டும் பாத்துக் குடுத்துட்டு, சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்."

இல்லாத தோல்

சாயங்காலம் அவர் வரவில்லை. பழனிதான் ஓடிவந்தான், விரல்களில் சுண்ணாம்போடு. கனி பாயை வேலூர் ஆஸ்பத்திரிக்கு வேனில் ஏற்றிவிட்டார்கள் என்றான். சென்னையிலிருந்து மாத்திரைப் பார்சல் அந்த வாரமே வந்து சேர்ந்தது. நாயுடு அதைப் பிரிக்காமல் தம் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். பழனி ஓடிவந்த அன்றே, நடந்ததைச் சொல்லும்படி அவனைக் கேட்டிருந்தோம். பாய் ஒவ்வொரு தோலாகக் கையோட்டி வந்தாராம். ஒரு தோலின் நடுவே கை நின்றதாம். ஏதோ சந்தேகம் போலும் என்று இவன் சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்தபடியே காத்திருக்கிறான். அதன்பின் நடந்ததை அவன் இப்படிச் சொன்னான்: "நல்ல தோலுண்ணே அது, ஒரு கீறலு இல்ல. பாய் அதும்மேல கைய வெச்சிக்கினே என்னப் பாத்து, 'பழனி, இங்க தோலே இல்லியேடா'ன்னாரு."

வலக்கை

உயிர் தங்கியது. வலப்பக்கம் போயிற்று, நாக்கும் தடித்தது. பூட்டி வைத்திருந்த பார்சலை நாயுடு தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். மேலுறை இல்லாத அந்த மாத்திரை கனி பாய்க்குத் தடையின்றித் தொண்டையில் இறங்கியது. டாக்டரம்மா மகிழும்படி பிரஷரும் இறங்கியது. எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன, கையைத் தவிர. ரம்ஜான் வந்தது, பெருநாள் கழிந்தது. நிக்காஹைத் தள்ளிவைக்கலாம் என்று யூசுப் சொன்னபோது, கனி பாய் கோபமாகத் தலையாட்டி மறுத்தாராம்.

நானும் நாயுடுவும் பழனியும் பந்தலின் ஓரத்தில் நின்றோம். கனி பாயை வெள்ளை உடுப்போடு ஒரு நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். வலக்கை மடியில் கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போல். பெண்ணின் மாமா யூசுப் பிரதிநிதியாக நின்று கை கொடுக்கலாம், மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு என்று ஹஜ்ரத் கனிவாகச் சொன்னார். கனி பாய் மறுத்துவிட்டு, இடக்கையை நீட்டினார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது; இடக்கையால் பெண்ணை ஒப்புக்கொடுப்பது எங்காவது உண்டா? நீட்டிய கை நீட்டியபடி நின்றது. அண்ணனுக்கு நேர்ந்தது தமக்கும் நேர்ந்துவிட்டது என்பதை அந்த முகம் சொல்லிற்று. அப்போது மாப்பிள்ளை அன்வர் எழுந்தான். மேல்விஷாரத்து ஷாப் ஒன்றில் கணக்கு எழுதுகிற, அதிகம் பேசாத பிள்ளை. மாலையோடு வந்து நாற்காலியின் முன் மண்டியிட்டான். மடியில் கிடந்த வலக்கையைத் தன் இரண்டு கைகளாலும் எடுத்தான். தன் வலது உள்ளங்கையோடு அதைப் பொருத்தி, மாமனாரின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கித் தன் கையைச் சுற்றிப் பற்றவைத்தான். அவிழ்ந்துவிடாதபடி இடக்கையால் தாங்கிக்கொண்டான். "சொல்லுங்க ஹஜ்ரத்" என்றான்.

ஹஜ்ரத் சொல்லச் சொல்ல, கனி பாய் தடித்த நாக்கால் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார். நெடுநேரம் ஆயிற்று; அத்தனை பேரும் காத்திருந்தார்கள். முடிந்தபின்பும் மாப்பிள்ளை கையை விடவில்லை. கனி பாயின் இடக்கை மெல்ல வந்தது. அன்வருடைய புறங்கையின்மேல், மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரைக்கும், ஒருமுறை நிதானமாக ஓடியது. என் பக்கத்தில் நின்ற பழனிக்குத்தான் முதலில் விளங்கிற்று; அவன் தன்னையறியாமல் சட்டைப் பையில் சுண்ணாம்புக்கட்டியைத் தேடினான். கனி பாயின் வாய் ஒரு பக்கமாகக் கோணி, சிரிக்க முயன்று, பந்தல் முழுதும் கேட்கும்படி சொல்லிற்று: "ஃபர்ஸ்ட்டு."

அந்தக் கை நிக்காஹ் வரைக்கும் நிற்குமா என்று எங்கள் கண்ணாடி மேசைமேல் வைக்கப்பட்ட கேள்வி, கால்சியத்தின் கதவைச் சாத்தத் தெரிந்த எங்கள் மருந்தின் உதவி சிறிதும் இல்லாமல், மேல்விஷாரத்துப் பிள்ளை ஒருவனின் இரண்டு கைகளால் தீர்த்துவைக்கப்பட்டது ஷவ்வால் மாதப் பிறை பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, லுஹர் என்னும் நண்பகல் தொழுகை முடிந்த வேளையில்.